ஞானராஜ் சாரின் அபாய மணி

காலை 6.30. திருச்சி ஜங்ஷனில் சென்னை செல்லும் பகல் ரயிலில் ஏறினேன். தாம்பரம் வரை முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூற்று நாற்பத்தைந்து ரூபாய். ஐந்து மணி நேரத்தில் முடியக்கூடிய இந்தப் பயணத்தை நான் இருபத்திரண்டு வருடம் தள்ளிப்போட்டிருந்தேன்.

எனக்கு வயது அறுபத்தாறு. வடக்கே ஓர் எஃகு ஆலையில் எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நான் பார்க்கப் போனது அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த இன்ஜினியர் ஞானராஜ் சாரை. சிட்லபாக்கத்தில் மனைவியோடு இருக்கிறார். போன மாதம் எங்கள் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டார்கள். கண்ணில் தடித்த கண்ணாடி, மெலிந்த கழுத்து. அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "ராம்தீனைக் கொன்ற மெஷினைக் கண்டுபிடித்தவர் இவர்தானே?" நான்கு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அன்றே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

விழுப்புரம் தாண்டியதும் எதிர் இருக்கை அம்மாள் கேட்டார். "சென்னையில நல்ல காரியமா, துக்கமா?"

"தெரியலம்மா" என்றேன்.

ஞானராஜ் சார் ஆலைக்கு வந்த புதிதில், கொப்பரையில் கொதிக்கும் எஃகின் மேல் சூடு இறங்காமலிருக்க உமிச் சாம்பல் மூட்டைகளை ஆட்கள் விளிம்பில் நின்று கையால்தான் வீசுவார்கள். முகம் வெந்துபோகும். அவர் பழைய இரும்பை வைத்து, நீளக் கைப்பிடி போட்ட ஒரு சாய்வுத் தொட்டி செய்தார். பத்தடி தள்ளி நின்று கைப்பிடியை இழுத்தால் சாம்பல் தானே கொட்டும். ஆட்கள் அதற்கு 'மதராஸி ஊஞ்சல்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்த சின்னச் சின்னக் கருவிகள் ஏழெட்டு இருக்கும். எல்லாமே ஆளை நெருப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துவதற்கானவை.

பெரியது அபாய மணி. எஃகை வார்க்கும் இயந்திரத்தில், உருகிய எஃகு ஒரு செம்பு அச்சுக்குள் இறங்கும்போது வெளிப்பக்கம் மெல்லிய தோல் போல இறுகும். உள்ளே இன்னும் திரவம்தான். அந்தத் தோல் கிழிந்தால் கீழே நிற்பவன் மேல் நெருப்பாகக் கொட்டும். அச்சின் சுவருக்குள் சூட்டை உணரும் கம்பிகளை வைத்து, தோல் கிழியப் போவதை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றை அவர் செய்தார். அபாயம் என்றால் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். உடனே இயந்திரத்தை மெதுவாக்க வேண்டும், கீழே நிற்பவன் படியேறி மேலே வந்துவிட வேண்டும்.

முதல் மாதங்களில் அது ஒரு ஷிப்டுக்கு மூன்று முறையாவது வெறுமனே அடித்தது. ஒவ்வொரு முறையும் உற்பத்தி நின்றது, எங்களுக்குத் திட்டு விழுந்தது. அவர் விடுப்பில் போயிருந்த வாரத்தில் நான் மணியின் கம்பியைக் கழற்றினேன். விளக்கை மட்டும் விட்டுவைத்தேன். யாரும் என்னிடம் கழற்றச் சொல்லவில்லை.

நான்காம் நாள் விளக்கு எரிந்தது. பார்த்தேன். கத்திக்கொண்டே ஓடினேன். கீழே வேலையில் நின்ற ராம்தீனுக்கு அந்த இரைச்சலில் என் குரல் கேட்கவில்லை. தோல் கிழிந்து எஃகு அவன் மேல் கொட்டியது. அதிலிருந்து மூன்றாம் நாள் அவன் ஆஸ்பத்திரியில் இறந்தான். விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் நான் கம்பியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். விளக்கு எரிந்ததையும் யாரிடமும் சொல்லவில்லை. இணைப்பு சரியாக இருந்தும் மணி அடிக்கவில்லை, ஆகவே கருவி அபாயத்தை உணரவில்லை என்று எழுதினார்கள். கருவியைக் கழற்றிக் குடோனில் போட்டார்கள். ஞானராஜ் சார் மேசை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அவர் வேறெதுவும் செய்யவில்லை.

காலை 11.40. செங்கல்பட்டு ஏரியும் ஊரப்பாக்கத்து அடுக்குமாடிகளும் பின்னால் போய், தாம்பரம் வந்தது. மின்சார ரயிலில் ஐந்து ரூபாய் டிக்கெட்டில் ஒரே நிறுத்தம், தாம்பரம் சானடோரியம். வெளியே ஆட்டோ ஓட்டுநர் என் முகவரிச் சீட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், சிட்லபாக்கமா? ஏரிக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"ஏரியைப் பார்த்த தெருன்னு சொன்னாங்க."

"அப்ப அந்தாண்ட. ரோட்ட தோண்டி வச்சிகீறான், சுத்திகினு போவணும். நூறு ரூபா குடு சார்."

இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஏரிக்கரை நடைபாதையில் வெயிலுக்கு யாருமில்லை. பச்சை கேட் போட்ட வீட்டின் முன் இறங்கி, மணியை அழுத்தாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி ரோஸ்லின் அம்மா, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உள்ளே சாப்பாட்டு மேசையில் சார் உட்கார்ந்திருந்தார். என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்.

"முருகேசனா? எலெக்ட்ரிகல் முருகேசன்? உட்காருங்க, உட்காருங்க. ரோஸ், காபி."

காபி வரும்வரை காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கழற்றியது, விளக்கு, திரும்பச் சேர்த்தது. சொல்லி முடித்ததும் சமையலறை வாசலில் டம்ளரோடு ரோஸ்லின் அம்மா நிற்பது தெரிந்தது.

சார் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

"லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார். என் கண்ணால பார்த்தேன்."

"எரிஞ்சதுக்கும் கிழிஞ்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

"நான் பாதி தூரம் ஓடியிருந்தேன் சார். பன்னிரண்டு செகண்டாவது இருக்கும்."

"பன்னிரண்டு" என்றார். "படி ஏறி வர ஆறு செகண்ட் போதும்." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

ரோஸ்லின் அம்மாதான் வெடித்தார். "இருபத்திரண்டு வருஷம்! ஒரு நட்டு, ஒரு ஸ்க்ரூ கையில எடுக்கல இவர். ஃபேன் ரிப்பேரானாகூட ஆளக் கூப்பிடுன்னுவார். இப்ப வந்து சொல்றீங்க? கண்ணு போனப்புறம்?"

"கெளம்பறேன்மா" என்றேன்.

"எங்க போறீங்க?" என்றார் சார். "நான் அப்போ ராம்தீன் வீட்டுக்குப் போய், அவன் மனைவிகிட்ட என் மெஷின்தான் தப்புன்னு மன்னிப்புக் கேட்டேன். அது பொய். எனக்கே தெரியாம ஒரு பொய்ய அவங்க வீட்ல விட்டுட்டு வந்திருக்கேன். முதல்ல நடந்தத எழுதுங்க. ஹிந்தியில எழுதுங்க, அவங்க பையன் படிக்கணும்."

பேப்பர் கொடுத்தார். எழுதி, சத்தமாகப் படித்துத் தமிழிலும் சொன்னேன். "மணியின் கம்பி கழற்றப்பட்டிருந்தது..."

"நிறுத்துங்க" என்றார். "தானா கழண்டுச்சா அது?"

அடித்துவிட்டு எழுதினேன். நான் கழற்றினேன். நான் திரும்பச் சேர்த்தேன். நான் சொல்லவில்லை. மூன்று வரிகளுக்கு அரைமணி நேரம் ஆனது.

கையெழுத்துப் போட்டதும் அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். என் பெயருக்குக் கீழே, எழுத்து மேலும் கீழுமாக ஓட, ஹிந்தியில் எழுதினார். எழுதிக்கொண்டே வாய்விட்டும் சொன்னார்: "அந்த மணி ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்று முறை பொய்யாக அடித்தது. அதைச் சரிசெய்யாமல் நான் விடுப்பில் போனேன். ஞானராஜ்."

"சார், அது வேண்டாமே" என்றேன்.

"ஏன் வேண்டாம்? சும்மா சும்மா அடிக்கிற மணிய ஆள் கழட்டத்தான் செய்வான். அத யோசிக்க வேண்டியது டிசைன் பண்ணவன். நீங்க பண்ணது உங்களோடது. இது என்னோடது."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"தபால்ல போடட்டுமா சார்?"

"வேண்டாம். நேர்ல குடுக்கணும். நானும் வரேன்."

ரோஸ்லின் அம்மா ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சூடாக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "இவரத் தனியா உங்ககூட அனுப்ப மாட்டேன். மூணு டிக்கெட்டா போடுங்க."

மாலை 4.50. தாம்பரம் முன்பதிவுக் கவுண்டரில் படிவத்தை நிரப்பினேன். ஞானராஜ், எழுபத்தெட்டு. ரோஸ்லின், எழுபத்து மூன்று. மூன்றாவதாக நான். உள்ளே இருந்த பெண் திரையைப் பார்த்தபடி கேட்டார்.

"மூணு பேரும் ஒரே ஃபேமிலியா சார்? லோயர் பெர்த் ரெண்டுதான் காட்டுது."

"ஃபேமிலி இல்லம்மா. லோயர் அவங்க ரெண்டு பேருக்கும் குடுங்க."

ஆலை இருக்கும் ஊருக்கு இரண்டு பகல், ஓர் இரவுப் பயணம். முன்பு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும்போதெல்லாம் இதே தண்டவாளங்களில்தான் போவேன், பெட்டி நிறைய ஊறுகாயும் முறுக்குமாக. இந்த முறை எடுத்துப் போக ஒரு தாள் மட்டும்தான். ராம்தீனின் மகனுக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். எங்களை உள்ளே கூப்பிடுவானா, வாசலிலேயே நிறுத்திவிடுவானா, தெரியவில்லை. எதுவானாலும், அந்த வாசலில் என் பெயரை நானே சொல்ல வேண்டும்.