பாறைக்குக் கீழே நின்றவர்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆந்திர எல்லையோரம் பாறை ஏறப் போவேன். அதற்கென்றே வைத்திருந்த பூட்ஸின் ரப்பர் அடி வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. மெட்ராஸ் கடையில், எதற்கென்று கேட்காமலே புது அடி ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். புதுவாயல் கூட்டுரோட்டில் செருப்பு தைக்கும் பெரியவரோ, “இத்தப் போட்டுக்கினு எங்க நைனா போவே?” என்றார். பாறை ஏற என்று நான் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. அந்தப் பயத்தை நம்பி அவரிடமே கொடுத்தேன்.

ஒல்லியான மனிதர், ஆனால் அகலப் பாதம். எதைத் தைத்தாலும் தானே போட்டு நடந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். என் பூட்ஸ் அவர் காலில் நுழையவில்லை.

“போட்டுப் பாக்காம யாருக்கும் குடுத்ததில்ல நைனா. நீ ஏறசொல்ல நானும் வரேன்.”

“வெயில்ல எதுக்குப் பெரியவரே?”

“ஊட்ல குந்திக்கினு இருந்தா மட்டும் நிம்மதியா இருக்குமா?”

அந்த ஞாயிறு என்னோடு பஸ் ஏறினார். அடிவாரத்தில் நிழலாகப் பார்த்து உட்காரச் சொன்னேன். பாதி உயரத்தில், கால் வைக்க இடம் தேடிக் குனிந்தபோதுதான் பார்த்தேன். எனக்கு நேர் கீழே, இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றிருந்தார். நான் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார்.

அவர் போட்ட புது அடி பாறையில் நன்றாகவே பிடித்தது. இறங்கி வந்து, “விழுந்திருந்தா ரெண்டு பேருமே போயிருப்போமே” என்றேன்.

“அதுக்கு இன்னா பண்றது? சும்மா பாத்துக்கினு நிக்க முடியுமா?” என்று தோள்களைத் தேய்த்துக்கொண்டார்.

பிறகு எத்தனையோ பேர் எனக்குக் கயிறு பிடித்திருக்கிறார்கள். வெறுங்கையை ஏந்தி நின்றவர் அவர் ஒருவர்தான்.