ஆங்கின் என்ன கறி?

இன்று காலை மகனின் சைக்கிளுக்குக் காற்றடித்தபோது பம்பிலிருந்து எழுந்த சூடான ரப்பர் வாசனை, என்னை அப்பாவின் சைக்கிள் பாரில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது. அப்போது எனக்கு எட்டு வயது. நாங்கள் பினாங்கில் கப்பலிறங்கிய புதிது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரே மலாய்ச் சொல் ‘மக்கான்’. சாப்பாடு என்று பொருள்.

துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த காதர் மாமா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, ஞாயித்துக்கிழமை கூட்டாளிங்க எல்லாரும் சைக்கிள்ல மக்கான் ஆங்கின் போறோம்லா. பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க.”

அவர் போனதும் அப்பா அம்மாவிடம் முணுமுணுத்தார். “ஆங்கினா? அது என்ன கறியோ!” கேட்டால் சிரிப்பார்களென்று கேட்கவில்லை. கட்டுச்சோறும் வேண்டாமென்றுவிட்டார்.

ஏழெட்டு சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு கடலோரமாகப் போயின. எல்லோரும் பாடினார்கள். அப்பா மட்டும் காதர் மாமாவின் கேரியரில் கட்டியிருந்த சாக்குப்பையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. “நான் சொல்லாம வாய் வைக்காதே” என்று என் காதில் சொல்லிக்கொண்டே மிதித்தார். பையிலிருந்து வாசனையே வராதது அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. எனக்கோ அகோரப் பசி.

தஞ்சோங் பூங்கா கடற்கரையில் காதர் மாமா பையை அவிழ்த்தார். உள்ளே ஒரு சைக்கிள் பம்பு மட்டும் இருந்தது.

“ஆங்கின் எங்கப்பா?” என்றார் அப்பா.

“இந்தா அடிக்குதே அண்ணே, கடல்காத்து! மக்கான் ஆங்கின்னா காத்து வாங்குறதுலா.”

அப்பா நம்பவில்லை. பம்பை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, என் மூக்கிடமும் நீட்டினார்.

“ஏம்மா பம்ப மோந்து பாக்குறீங்க?” என்கிறான் மகன்.