கட்டுத்தரைக்கு வாங்கிய பெட்டிகள்

"மாட்டுக்கு எத்தனை வோல்ட் தாங்குமுங்க?" என்று கேட்டார் என் கணவர்.

கேட்டது மாட்டு டாக்டரிடம் இல்லை. கோயம்புத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால், ஒருவர் உள்ளே நுழைய இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய ஓர் எலக்ட்ரிக்கல் கடையில். கடைக்கார பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதலில் அவரைப் பார்த்தார், அப்புறம் என்னை. நான் சுவரில் தொங்கிய மின்விசிறிகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்த மாட்டுக்குங்க சார்?" என்றார் பாய். சிரிக்காமல் கேட்டார். அந்த ஒன்றுக்காகவே அந்த மனிதரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

எந்த மாடு என்று நான் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கத்தில் என் அண்ணனுடைய தோட்டத்தில் ஒரு மயிலைப் பசு நின்றது. விடிகிற வானத்தின் நிறம், திமிலில் மட்டும் கொஞ்சம் புகை. எனக்குக் கல்யாணமானபோது அப்பா ஒரு கன்றைக் காட்டி, இது உனக்கு என்றார். அதன் பேத்தி இது. நான் அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்குப் போனவள், மாட்டை எங்கே கட்டுவது? அது அங்கேயே நின்றது, ஈன்றது, பாலை அண்ணன் வீடு குடித்தது. நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகு, பிறந்த வீட்டில் என்னுடையது என்று விரல் நீட்ட மிஞ்சியது அந்தப் பசு ஒன்றுதான். பொங்கலுக்குப் பொங்கல் நான் போவது அதைப் பார்க்கத்தான். "உம்பட சொத்து தொட்டித் தண்ணி குடிக்குது பாரு, அம்மணி" என்பான் அண்ணன், நான் காரை விட்டு இறங்குவதற்குள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் அந்த வீட்டில் சோறு இறங்காது.

அந்த வருடம் அண்ணன் மகனுக்கு ஈரோட்டில் பெண் நிச்சயமாகியிருந்தது. மஞ்சள் வியாபாரக் குடும்பம். மாட்டுப் பொங்கலன்று பொழுதோடு சம்பந்தி வீட்டார் தோட்டத்துக்கு வருவதாக ஏற்பாடு. அண்ணனுக்கு நிலைகொள்ளவில்லை. மாடு கட்டும் கட்டுத்தரை முழுக்க நிறம் மாறும் விளக்கு ஓட வேண்டும். சிவப்பு ஓடிப் பச்சையாகி, பச்சை ஓடி நீலமாக வேண்டும். விளக்குக்கு ஆள் பிடித்துவிட்டான். விளக்கை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரும் பவர் சப்ளையும் வெட்டவெளியில் கிடக்குமே, அதற்குத்தான் எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது.

"மாப்ள, ஒரு நல்ல பெட்டியாப் பாத்து வாங்கிட்டு வந்துருங்க. பேங்க்ல உக்காந்து தேய்க்கறதுக்கு இது ஒரு சோலியாச்சு."

அவன் சொன்னது கிண்டலுக்கு. இவர் எடுத்துக்கொண்டது வேத வாக்காக. அன்றிலிருந்து சாப்பிடும்போதும் போனில் பெட்டிகள். அவருக்குப் பயம் மழையைப் பற்றி இல்லை. எங்கள் பக்கத்தில் பட்டிப் பொங்கல் எப்படி என்று அவர் பார்த்திருக்கிறார். கட்டுத்தரை நடுவில் சாணியால் கரை கட்டி, தண்ணீர் ஊற்றி, பூப் போட்டு ஒரு சின்னத் தெப்பக்குளம் செய்வோம். பூசை முடிந்ததும் மாடுகள் அதை மிதித்துத் தாண்ட வேண்டும். முதலில் தாண்டுவது என் மயிலை. வருடா வருடம் அதுதான். தண்ணீர், தண்ணீருக்குள் நாலு கால், சுற்றிலும் கரண்டு. இதை ஒரு தாளில் படமாகவே வரைந்து என்னிடம் காட்டினார். மாட்டுக்கு மூன்று கால்தான் வந்திருந்தது. நான் அதைத்தான் சொன்னேன்.

பாய் முதலில் எடுத்து வைத்தது இரும்புப் பெட்டி. பெயின்ட் வாசம் போகவில்லை.

"இரும்பு வேண்டாமுங்க பாய். உள்ள கசிஞ்சா பெட்டியே கடிக்கும்."

அடுத்தது வெள்ளை பிளாஸ்டிக், மேசை மேல் வைத்தபோதே மூடி கோணிக்கொண்டது. ரெண்டு வெயில் பார்த்தால் அப்பளமாகிவிடும் என்று பாயே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மூன்றாவதாக வந்தது சாம்பல் நிறத்தில், கனமாக, கண்ணாடி மாதிரி மூடியோடு. மூடியின் ஓரம் சுற்றிலும் கறுப்பு ரப்பர். நாலு மூலையிலும் திருகு. ஐ.பி. அறுபத்தைந்து என்று அடியில் அச்சு. தூசியும் போகாது, பைப்பில் பீய்ச்சினாலும் போகாது என்றார் பாய்.

"உள்ள நாலு இட்லி ஊத்தலாமாட்ட இருக்குதுங்க" என்றேன் நான்.

இவர் காதில் வாங்கவில்லை. பவர் சப்ளைக்கு இதைவிடப் பெரிதாக இருக்கிறதா என்று கேட்டார். அது சூடாகும், இறுக்கமான பெட்டிக்குள் போட்டு அடைத்தால் தன் சூட்டிலேயே செத்துவிடும், சுற்றிலும் இடம் வேண்டும். வயர் மேலே துளை போட்டு நுழையக் கூடாது, அடியிலிருந்துதான் ஏற வேண்டும், நுழைகிற இடத்தில் இறுக்கிப் பிடிக்க கிளாண்ட் வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல பாய் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

"தை மாசத்துல ஏதுங்க சார் மழை?"

"மேல இருந்து வர்றதுக்கு இல்லீங்க பாய். கீழ இருந்து வர்றதுக்கு."

"மாட்டு மேல அத்தனை பாசமுங்களா?"

"எம் சம்சாரத்து மாடுங்க" என்றார்.

நான் மறுபடியும் மின்விசிறிகளைப் பார்த்தேன். இந்த முறை நிஜமாகவே எதையும் பார்க்கவில்லை.

மாட்டுப் பொங்கலன்று மதியம் தோட்டத்தில் இறங்கினோம். மாடுகளைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள், தரை முழுக்கச் சேறு. மயிலையின் கொம்புக்கு நீலப் பெயின்ட் அடித்துக் கழுத்தில் சலங்கை கட்டியிருந்தது. என் கையை முகர்ந்துவிட்டு, இவள்தானா என்பதுபோல மூச்சு விட்டது. அண்ணன் பெட்டியை வாங்கித் தட்டிப் பார்த்தான். மூடியில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கினான்.

"அட, ஊடு கட்டிப்போட்டீங்களே மாப்ள! இதுல போயி அந்த லைட்டுச் சனியனையா வெக்கறது?"

வைக்கவில்லை. ஈரோட்டுப் பெண்ணின் மாமா துபாயிலிருந்து பட்டிப் பொங்கலை வீடியோவில் பார்க்கப் போகிறாராம், அதற்கு நெட் வேண்டும். சின்னப் பெட்டியில் வை-ஃபை பெட்டி ஏறி, கட்டுத்தரைச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது. பெரிய பெட்டியில் கற்பூரம், தீப்பெட்டி, அண்ணனின் கார் சாவி. கன்ட்ரோலரையும் பவர் சப்ளையையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி, டேப் ஒட்டி, சாணிக் கரையை ஒட்டி இரண்டு செங்கல் மேல் வைத்திருந்தார்கள். பை மேல் அச்சில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் செங்கல் ஈரம் குடித்துக்கொண்டிருந்தது.

தெப்பக்குளத்தில் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டார்கள். சிவப்பு ஓடிற்று, பச்சை ஓடிற்று. பூக்களெல்லாம் நிறம் மாறி மிதந்தன. அழகாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. இவர் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்துக் குந்தி உட்கார்ந்து தண்ணீரில் வைத்தார். டெஸ்டரின் வயிற்றில் ஆரஞ்சாக ஒரு பொட்டு, மங்கலாக, எரிந்தது.

"மச்சான், தண்ணில கரண்டு இருக்குதுங்க."

"ஈரத்துல டெஸ்டர் எரியாம என்னுங்க மாப்ள பண்ணும்? எந்திரிங்க, வேட்டில சாணியாகுது."

"சித்த நேரம் ஆஃப் பண்ணிக்கலாமுங்ண்ணா" என்றேன் நான். "மாடு தாண்டட்டும், அப்பறம் போட்டுக்கலாம்."

அண்ணன் என் பக்கம் குனிந்து, ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகச் சொன்னான். "ஒரம்பரை சனம் வந்து எறங்கற நேரத்துல இருட்டாக்கோணுமா அம்மணி? வந்தமா, தின்னமா, போனமான்னு இரு, கண்ணு."

ஈரோட்டுக் கார்கள் வாசலில் நின்றன. பட்டு, பவுடர், பன்னீர். நாற்காலிகள் கரையிலிருந்து தள்ளிக் காய்ந்த தரையில் போடப்பட்டிருந்தன. பூசை முடிந்தது. தட்டும் கரண்டியும் அடித்து எல்லோரும் சத்தம் போட, மயிலையைப் பிடித்து வந்தார்கள்.

கரைக்கு வந்ததும் அது வழக்கம்போல் முன்னங்காலை உள்ளே வைத்தது. வைத்த வேகத்தில் எடுத்தது. மூக்கை விரித்துத் தண்ணீரைப் பார்த்து ஊதிற்று. அதற்கப்புறம் அசையவில்லை.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் முகம் சுருங்கியது. கயிற்றை இழுத்தான். ஒருவன் வாலை முறுக்கினான், ஒருவன் பின்னால் நின்று தள்ளினான். மறுபடி முன்னங்கால் தண்ணீரைத் தொட்டது, மறுபடி உதறிக்கொண்டு பின்வாங்கியது. உடம்பு முழுக்கத் தோல் சிலிர்த்து ஓடிற்று. விளக்கும் ஓடிற்று, சிவப்பு, பச்சை, நீலம், அத்தனையும் அந்த வெள்ளைத் தோல் மேலேயே.

"அதுக்குத் தெரியுதுங்க மச்சான், உட்ருங்க" என்றார் இவர்.

"ஏனுங் சம்பந்தி," ஈரோட்டுப் பெரியவர் நாற்காலியிலிருந்தே கேட்டார், "உங்க மாப்ள மாட்டுக்கு வக்கீலுங்களா?"

அந்தச் சிரிப்பில்தான் அண்ணன் தார்க்குச்சியை எடுத்தான். நுனியில் ஆணி வைத்த குச்சி. நோம்பி நாளில் மாட்டை அதட்டக்கூட மாட்டார் எங்கள் அப்பா. அவன் குத்தினான். தொடையில், விலாவில், மறுபடி தொடையில். "மெதி! மெதிக்கறயா இல்லையா! அவளாட்டவே நிக்குது பாரு, கல்லாட்ட!" அவள் என்றது என்னை. நான் நாற்காலிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தேன். பன்னீர்ச் சொம்பு என் கையில்.

மயிலை திரும்பிப் பாய்ந்தது. பிடித்திருந்தவன் சேற்றில் விழுந்தான். கயிறு விளக்கு கட்டிய மூங்கிலில் சுற்றி, மூங்கில் சாய்ந்து, மேலே ஓடிய வயரெல்லாம் அதன் கொம்போடு போக, சுவரிலிருந்த பிளக் சடக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரே இருட்டு. மேற்கே மட்டும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி. சலங்கைச் சத்தம் சோளக்காட்டுப் பக்கம் ஓடித் தேய்ந்தது.

போன்களில் டார்ச் எரிந்தது. அடுத்த மாட்டைக் கொண்டு வந்தார்கள். அது தெப்பக்குளத்தைத் தாண்டிற்று. அடுத்தது தாண்டிற்று. கிடாரிகள், காளைகள், நேற்றுப் பிறந்த கன்றுகூட ஒரு துள்ளலில். எல்லாம் சாதுவாக, பூவை மிதித்து, மறுகரை ஏறின.

"பாத்தீங்களா?" அண்ணன் தெம்பாகிவிட்டான். "இத்தன உருப்படி மெதிச்சுதே. இதொண்ணுக்கு மட்டும் தனியாக் கரண்டு வந்துச்சா மாப்ள?"

"இப்ப பிளக்கு புடுங்கிருச்சுங்க மச்சான். அதனாலதான்..."

யாரும் கேட்கவில்லை. பொங்கலைப் பரிமாற இலை போட்டுவிட்டார்கள். பட்டி மிதிக்காத உருப்படி அந்தக் கட்டுத்தரையில் தங்காது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அதை அன்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இலைக்கு இலை அது போய் உட்கார்ந்திருந்தது. மயிலையைச் சோளக்காட்டிலிருந்து பிடித்து வந்து கட்டிய பிறகுதான் கிளம்பினோம். காரில் பல்லடம் தாண்டியதும் இவர், "படத்துல காலு நாலும் வரஞ்சிருக்கோணும்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை முடிவதற்குள் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். கட்டுத்தரையில் நின்றுகொண்டு பேசினான். எனக்கு அவன் தோளுக்குப் பின்னால்தான் கண். மயிலை நிற்கும் இடத்தில் தரை காய்ந்திருந்தது.

"ஏவாரி வந்தான், புடிச்சுக் குடுத்துப்போட்டேன். கல்யாணம் வெச்சிருக்கற ஊட்ல அந்தச் சகுனம் எதுக்கு?"

"எங்கண்ணா கொண்டு போனாங்க?"

"ஏவாரிகிட்ட அதெல்லாம் யாரு கேப்பாங்க? லாரி கெழக்கயா மேக்கயா போச்சுன்னு எனக்கென்ன தெரியும்? நீ வெசனப்படாத. கயித்தக் குடுக்கல. கயிறு நம்மகிட்டத்தான் இருக்குது."

போனைத் திருப்பிக் காட்டினான். சுவரில் எங்கள் பெட்டி. மூடிக்குள்ளே வை-ஃபை பச்சையாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மாட்டை விற்றால் கயிற்றை விற்பவர் வைத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பெட்டியின் அடியில், இவர் பார்த்துப் பார்த்து வாங்கிய கிளாண்டில், மயிலையின் கழுத்துக் கயிறு தொங்கியது.

"சொல்ல மறந்துட்டேன், அம்மணி. பெட்டி அருமையா இருக்குது. மேல தொட்டி ரொம்பி ஊத்துச்சு, ஒரு சொட்டு உள்ள போகல. கல்யாணத்துக்கு லைட்டுப் போடோணும், இன்னும் ரெண்டு வாங்கியாரச் சொல்லு மாப்ளய."

இவர் போகமாட்டேன் என்றார். அந்த மனிதர் என்னிடம் எதற்கும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. நான் தனியாகப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு, எதைப் பார்க்கப் போகிறேன் என்று யோசித்தபடியே டவுன்ஹாலில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.

பாய் அடையாளம் கண்டுகொண்டார். கேட்காமலே சாம்பல் பெட்டியை எடுத்து, துணியால் மூடியைத் துடைத்து வைத்தார்.

"மாடு சொகமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க பாய்" என்றேன். "இதே மாதிரி ரெண்டு குடுங்க. அடியில மாட்டறதும் சேத்து."