மர்சலினும் தள்ளாடி வந்த ரூஹியும்

காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள், மர்சலின் குனிந்து முத்தம் கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவள், மருந்து வாசனை அடிக்கிறதா என்று பிள்ளையின் வாயை முகர்ந்து பார்ப்பாள். காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்கு மருந்தை ஊற்றி, உடம்பு ஆறினதும் தூக்கி வந்து விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருந்தாள். மதியம் காய்ச்சல் திரும்பும். அம்மா போனை எடுக்கமாட்டாள். அதனால் சாந்தோம் சந்தில் பிள்ளை பார்க்கும் தன் வீட்டில் எந்தத் தாயின் பேச்சையும் அவள் அப்படியே நம்பியதில்லை.

ரூபீனாவுக்கு தி. நகரில் துணிக்கடை வேலை. மூன்று வயது மகள் ரூஹிக்குச் சின்னம்மை கண்டு, பக்கு உதிரும்வரை வீட்டோடு வைத்திருந்து, போன வாரம்தான் மறுபடி கொண்டுவந்து விட்டிருந்தாள். அந்தத் திங்கட்கிழமை ரூஹி கால்களை அகட்டி வைத்து, குடித்தவனைப் போலத் தள்ளாடிக்கொண்டு வந்தாள். மர்சலின் குனிந்தாள். இனிப்பு வாசனை.

“இன்னா குடுத்த புள்ளைக்கு?”

“ரோஸ் மில்க், ஆன்ட்டி.”

“எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. சளி மருந்த ரெண்டு மூடி ஊத்தி, தூங்கட்டும்னு இட்டாந்துட்டியா?”

ரூபீனாவின் முகம் இறுகியது. “நான் கேக்கலாம்னு வந்தேன், நீங்க கேக்கறீங்க. சனிக்கிழமை இங்கேந்து வந்ததிலேந்தே இப்டிதான் நடக்கறா. கீழ போட்டீங்களா?”

“என் இடுப்புலேந்து ஒரு புள்ள உழுந்ததில்ல.”

“உழுந்தா மட்டும் சொல்லவா போறீங்க?”

மர்சலின் ரூஹியை மடியில் உட்கார வைத்தாள். தூக்க மருந்து குடித்த பிள்ளை சொக்கி விழும். இவள் கண்ணோ பளிச்சென்றிருந்தது. பிஸ்கட் கேட்டாள். நீட்டினால், கை நடுங்கிக்கொண்டே பிஸ்கட்டைத் தாண்டிப் போனது. மறுபடியும் அப்படியே. விளையாட்டென்று நினைத்து ரூஹி சிரித்தாள். பெரியவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

மற்ற பிள்ளைகளை மகள் டீனாவிடம் விட்டுவிட்டு மர்சலினும் ஆட்டோவில் ஏறினாள். பிள்ளையை நினைத்துப் பயம் பாதி. ஆஸ்பத்திரியில் ரூபீனா தன்னைப் பற்றி என்ன சொல்வாளோ என்ற பயம் பாதி. ‘அந்தம்மா புள்ளைய கீழ போட்டுட்டாங்களாம்’ என்று ஒருத்தி சொன்னால் போதும், வீடு காலியாகிவிடும்.

“எங்கயாவது விழுந்தாளா?” என்றார் டாக்டரம்மா. ரூபீனா மர்சலினைப் பார்த்தாள்.

“ஏதாவது மருந்து குடுத்தீங்களா?” மர்சலின் ரூபீனாவைப் பார்த்தாள்.

அவர் ரூஹியின் நெற்றித் தழும்பைத் தடவினார். “அம்மை வந்துதா?” இருவரும் தலையாட்டினார்கள்.

சின்னம்மை வந்துபோன பிள்ளைகளில் யாரோ சிலருக்கு, அரிதாக, சிறுமூளையில் அழற்சி உண்டாகும் என்றார் அவர். உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அந்த இடம்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் வேறு எதுவும் இல்லை என்று தெரியும்வரை இங்கேயே இருக்கட்டும், வாந்தியோ வலிப்போ வந்தால், எழுப்பியும் எழாமல் தூங்கினால், உடனே கூப்பிடுங்கள் என்றார்.

வார்டில் ரூஹி தூங்கியபின் ரூபீனா மெல்லச் சொன்னாள்: “தப்பா பேசிட்டேன் ஆன்ட்டி.”

“நானுந்தான்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ரூபீனா யோசித்துக்கொண்டே இருந்தாள். “இவளுக்கு எங்கேந்து ஒட்டிச்சின்னுதான் புரியல. எங்க பில்டிங்ல யாருக்கும் இல்ல.” சொல்லிவிட்டு மர்சலினை ஏறிட்டுப் பார்த்தாள்.

டீனாவின் மகன் ஜாக்சனுக்கு முதுகில் நாலைந்து கொப்புளம் கண்டபோது, வேர்க்குரு என்று பவுடர் போட்டு, எல்லாப் பிள்ளைகளோடும் விளையாட விட்டவள் மர்சலின். அம்மைதான் என்று தெரிந்ததும் பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினாள். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அத்தனை பேரும் பிள்ளைகளை நிறுத்தியிருப்பார்கள். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

“எங்க வீட்லேந்துதாம்மா,” என்றாள். “ஜாக்சனுக்கு வந்துது. யாராண்டயும் சொல்லல.”

ரூபீனா மகளின் போர்வையை இழுத்துவிட்டாள். “நீங்க கெளம்புங்க ஆன்ட்டி.”

அதற்குப் பிறகு ரூஹி அந்த வீட்டுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் வேறு சில பிள்ளைகளும் நின்றார்கள். யார் சொன்னது என்று மர்சலின் விசாரிக்கவில்லை.

மழை தொடங்கும் சமயம், கச்சேரி ரோட்டில் ஒருநாள் அம்மாவும் மகளும் எதிரே வந்தார்கள். மர்சலினைக் கண்டதும் ரூபீனா எதிர்ப்பக்கம் கடந்துவிட்டாள். மர்சலின் கூப்பிடவில்லை. கடையோரமாக ஒதுங்கி நின்று அந்தச் சின்னக் கால்களை மட்டும் பார்த்தாள். அந்தப் பக்க நடைபாதை விளிம்பில் ரூஹி அம்மாவின் கையை உதறிவிட்டு ஒரு குதி குதித்து இறங்கினாள். விழவில்லை. மர்சலினுக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை குதிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.