கணக்கில் சேராத சுற்று

காயில் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அந்தத் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அது அபாண்டம். மூக்கு நுனியில் உட்கார்ந்து காத்திருக்கிற பொறுமையெல்லாம் அந்தக் கோபத்துக்குக் கிடையாது.

மருந்துக் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் கடை அவளுடையது. எரிந்த மோட்டார்களும் நின்றுபோன மின்விசிறிகளும் அங்கே வந்து சேரும். கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, கைச்சக்கரத்தைச் சுழற்றிப் புதுச் செப்புக் கம்பியில் காயில் சுற்றுவாள்; காயில் அக்கா என்ற பெயர் வந்தது அப்படித்தான். நூறு சுற்றுக்கு ஒருமுறை சக்கரத்தை நிறுத்தி மேசையில் ஒரு சாக்பீஸ் கோடு. மோட்டார் கம்பெனியில் பதினோரு வருஷம், கம்பெனி மூடிய பிறகு இந்தக் கடையில் பன்னிரண்டு வருஷம், எண்ணிக்கை தப்பியதே இல்லை. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றவளுக்குப் பட்டம், பதவி எல்லாம் அந்த எண்ணிக்கைதான்.

பக்கத்தில் இருந்த பெண்கள் பள்ளிக்கு முப்பது டேப்லெட்கள் வந்தன. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. சும்மா தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. உள்ளூரில் தொழில் செய்கிற ஒருவரோடு சேர்ந்து மாணவிகள் ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். தலைமையாசிரியர் டாக்டரைக் கேட்டார், வங்கி மேலாளரைக் கேட்டார். யாருக்கும் நேரமில்லை. பள்ளியின் பம்ப் மோட்டாரைப் பழுதுக்குக் கொண்டுவந்த அறிவியல் டீச்சர், வந்த இடத்தில் காயில் அக்காவைக் கேட்டுவிட்டார்.

"நான் வந்து என்ன சொல்லித்தரப் போறேன் டீச்சர்?"

"இப்போ என்ன பண்றீங்களோ, அதையே வாராவாரம் புதன்கிழமை அங்க வந்து பண்ணுங்க. மத்தத அவங்க கேட்டுப்பாங்க."

முதல் புதன்கிழமை வாசலில் வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டை விரித்தார். வந்த காரணம் என்ற இடத்தில், அவளைக் கேட்காமலே 'பழுது பார்க்க' என்று எழுதினார்.

"பாடம் எடுக்க வந்திருக்கேன்."

"கையில ஸ்குரூடிரைவர் வச்சிருக்கீங்களே!" என்று சிரித்தார் அவர்.

வேறு நாளாக இருந்தால் அவர் அங்கேயே வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். பாடம் எடுக்கப் போகிறோம் என்பதில் அவளுக்கே அப்போது முழு நம்பிக்கை இல்லை.

நம்பிக்கையைக் கொடுத்தவர்கள் செயல்திட்டத்துக்குச் சேர்ந்த எட்டுப் பெண்கள். அவர்கள் கேட்ட கேள்விகளை ஆயுசில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கம்பிக்கு ஏன் வார்னிஷ், சுற்று குறைந்தால் ஏன் சூடு, எண்ணும்போது தும்மல் வந்தால் என்ன செய்வீர்கள்? புதன்கிழமை என்றால் அவள் காலையிலேயே கடை வேலையை முடித்துவிடுவாள். நல்ல புடவையை எடுத்துக் கட்டுவாள். "யாரைப் பார்க்கப் போறீங்க அண்ணி?" என்று நாத்தனார் வம்பு பேசுவாள்.

அந்தப் பெண்கள் கண்டுபிடித்த செயல்திட்டம் ஒரு சுற்று எண்ணி. சக்கரத்தின் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு காந்தம், கீழே தாங்கியில் காந்தம் வந்தால் மூடிக்கொள்ளும் சின்ன சுவிட்ச். ஒவ்வொரு சுற்றுக்கும் டேப்லெட்டில் எண் ஒன்று கூடும். நிரல் எழுதியவள், தடித்த கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண். சோடாபுட்டி என்று தோழிகள் கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள்.

செயல்திட்டத்தை வைக்கவிருந்த பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் தலைமையாசிரியர் முன்னிலையில் ஒத்திகை. காயில் அக்கா இருநூறு சுற்று சுற்றி நிறுத்தினாள். டேப்லெட் 203 என்றது. மறுபடி சுற்றினாள். 203. மூன்றாவது தடவையும் அதே 203.

"அக்கா, காயிலப் பிரிச்சு எண்ணிப் பார்க்கலாமா?" என்றாள் சோடாபுட்டி, மெல்ல.

"என் கணக்கு தப்புங்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து எண்ணுறேன்!"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தலைமையாசிரியர் கையை உயர்த்தினார். "பிரிக்கிறதெல்லாம் வேண்டாம். மூணைக் கழிச்சுக் காட்டுற மாதிரி மாத்திடும்மா. அவங்களும் இருநூறு, டேப்லெட்டும் இருநூறு. வர்றவங்க முன்னாடி ஏதாவது குளறுபடி ஆச்சுன்னா, இந்தப் புதன்கிழமை வகுப்பே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுவேன். ஞாபகம் இருக்கட்டும்."

கடைக்குத் திரும்பிய காயில் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. விஷயத்தைக் கேட்ட நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "கழிச்சுட்டா உங்களுக்குத்தானே நல்லது? உங்க கணக்குதான் சரின்னு மெஷினே சொல்லும். வகுப்பும் இருக்கும்."

அதுதான் அவளை அரித்தது. அவள் மானத்தைக் காப்பாற்ற அந்தப் பெண் பொய் எழுத வேண்டும். இன்றைக்கு மூன்றைக் கழிக்கப் பழகினால், நாளைக்கு எது ஒத்துவராவிட்டாலும் கழித்துவிட்டுப் போவாள். அதைச் சொல்லிக்கொடுக்கவா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனோம் என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கண்காட்சி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. விருந்தினர்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். அவள் சுற்றி முடித்தாள். டேப்லெட் 200 காட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள். சோடாபுட்டி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கை தட்டாதீங்க," என்றாள் காயில் அக்கா. "இது பூசி மெழுகுன கணக்கு. நான் இருநூறுங்கிறேன், மெஷின் நிஜத்துல மூணு கூடச் சொல்லுது. யாரு சரின்னு எங்களுக்கே தெரியாது. இப்போ பிரிச்சு எண்ணப் போறோம்."

தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. எட்டுப் பெண்களும் மேசையை மொய்த்துக்கொண்டார்கள். இருவர் கம்பியை இழுத்தார்கள், இருவர் உரக்க எண்ணினார்கள், ஒருத்தி கரும்பலகையில் கோடு போட்டாள். இருநூறு வந்தபோது காயில் அக்கா நிமிர்ந்து நின்றாள். கம்பியில் இன்னும் ஒரு வளையம் மிச்சமிருந்தது.

இருநூற்று ஒன்று.

மிச்ச வளையத்தை அவளே உருவி எடுத்தாள். எங்கே தப்பியது என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கம்பியைப் பிடிக்கவைக்க முதலில் சக்கரத்தை ஒருமுறை சுற்றுவாள். கட்டுச் சுற்று என்பார்கள். கம்பெனியில் அத்தனை பேரும் அதற்கு அடுத்ததிலிருந்துதான் 'ஒன்று' என்று ஆரம்பிப்பார்கள். இருபத்துமூன்று வருஷம் அந்தச் சுற்று கணக்கில் சேரவே இல்லை.

"தப்பு என்னோடது," என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "முதல் சுத்த நான் எண்ணுறதே இல்ல."

சோடாபுட்டி கழித்தலை நீக்கிவிட்டு, சக்கரத்தை அவள் நிறுத்துகிற மாதிரியே கைப்பிடி கீழே வர நிறுத்தினாள். சக்கரம் லேசாக முன்னும் பின்னும் ஆடியது. காந்தம் சுவிட்சை மறுபடி கடந்ததில், சுற்றாமலே எண் ஒன்று கூடியது. நூறில் ஒரு நிறுத்தம், இருநூறில் ஒரு நிறுத்தம்; ஆக இரண்டு எண் கூடுதல்.

"ஒண்ணுதான் உங்களோடது அக்கா. மீதி ரெண்டும் எங்களோடது," என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் ஊரையே விலைக்கு வாங்கும்.

விருந்தினர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். சாயங்காலமே தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினார்: இனி உள்ளே வர வேண்டாம்.

புதன்கிழமை வந்தது. காயில் அக்கா நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, சக்கரத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

"வகுப்பு இல்லன்னு சார் சொன்னாரே. மோட்டார் எதுவும் பழுதா?" என்றார் வாட்ச்மேன், பேனாவை எடுத்தபடி.

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, வந்த காரணம் என்ற இடத்தில் அவளே எழுதினாள்: பாடம் எடுக்க.

"உள்ளதானே வரக் கூடாதுன்னாரு? இது வாசல்," என்றாள்.

உள்ளேயிருந்து அறிவியல் டீச்சர் வந்துகொண்டிருந்தார். பின்னால் எட்டுப் பெண்கள், நோட்டோடும் டேப்லெட்டோடும். மாடி ஜன்னலில் தலைமையாசிரியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அண்ணாந்து அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு வாட்ச்மேன் மேசையில் சக்கரத்தை வைத்து, கம்பியை மாட்டி, முதல் சுற்றைச் சுற்றி, மாடிவரைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஒண்ணு!"