ஏழு ஆடுகளுக்கு ஒரே ஊசி

ஊசியைக் கொதிக்கவைக்காமல் போட்டேன் என்று இத்தனை வருடம் கழித்து எழுதுவது சுலபம். இனி யாரும் கேட்கப்போவதில்லை. அன்றைக்குக் கேட்டபோது நான் சொன்ன பதில்தான் இன்னும் என்னை விடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலையில் சேர்ந்தேன். சைக்கிள் கைப்பிடியில் ஐஸ் போட்ட பிளாஸ்க் தொங்கும். கேரியரில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் ஊசி கொதிக்கவைக்கும் தகரப் பெட்டியும் இருக்கும். ஒரு வீட்டில் போட்ட ஊசியைக் கொதிக்கவைக்காமல் அடுத்த வீட்டு ஆட்டைத் தொடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். நானோ காலையில் ஒரு தடவை கொதிக்கவைப்பதோடு சரி. ஸ்டவ் சும்மா என்னோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வருடம், மழைக்காலத்தில் ஆடுகளைத் திடீரென்று சாய்க்கும் துள்ளுமாரி நோய்க்கான தடுப்பு மருந்து தாமதமாக வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நோணாங்குப்பத்தில் ஒரு மந்தைக்குப் போட்டேன். அதில் ஓர் ஆடு உதடு வீங்கி எச்சில் ஒழுக நின்றது. முள் குத்தியிருக்கும் என்று அதற்கும் போட்டுவிட்டு, நேராக முதலியார்பேட்டைக்கு மிதித்தேன்.

அங்கே ஒரு மில் தொழிலாளியின் மனைவி ஏழு செம்மறிகளை வாரத்துக்கு வளர்த்து வந்தாள். ஆடுகள் ஒரு வியாபாரியுடையவை. பிறக்கும் குட்டிகளில் பாதி அவளுக்கு. நோயில் ஆடு செத்தால் வியாபாரி அடையாளமாக நறுக்கியிருந்த காதைத் தலையோடு கொண்டுபோய்க் காட்டினால் போதும், அவள்மேல் குற்றமில்லை. கவனிக்காமல் சாகவிட்டதாகத் தெரிந்தால் மிச்ச ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"போன வருசம் வந்தவரு ஊசிய கொதிக்க வெச்சாரே சார்?" என்று கேட்டாள்.

"எல்லாம் கொதிக்க வெச்சிதாம்மா எடுத்தாந்தேன். ஆட்டப் புடி."

ஏழுக்கும் அதே ஊசி. பசி நேரம் எனக்கு.

பத்துப் பன்னிரண்டு நாளில் மூன்று ஆடுகள் செத்தன. அவள் சாக்கில் மூன்று தலைகளோடு எங்கள் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள். கூடவே வியாபாரி. தலைகளைத் தரையில் வைத்து, காதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். உதடுகள் வீங்கியிருந்தன. நாக்கு நீலம் பாரித்துக் கிடந்தது. நோணாங்குப்பத்து ஆடு என் கண்முன் வந்து நின்றது.

"ஊசி போட்டும் எப்படி சார் செத்துச்சு? சீக்கா, இல்ல இவ பாத்துக்கலியா?" என்று வியாபாரி கேட்டார்.

நோய்தான் என்று ஒரு வார்த்தை போதும். ஊசிக் கதையை நான் சொல்லியிருக்கக்கூட வேண்டாம். ஆனால் நோய் என்றால், எங்கிருந்து வந்தது என்றுதானே அடுத்த கேள்வி?

"ஈரத்துல கட்டியிருப்பாங்க. பராமரிப்பு பத்தல" என்றேன்.

"கொட்டாய்லதான் சார் கட்னேன். நீங்களே பாத்தீங்களே."

பார்த்திருந்தேன். சாம்பல் தூவி, தரை காய்ந்து கிடந்த கொட்டகை. நான் மேசைமேல் இருந்த ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலமே மிச்ச நான்கு ஆடுகளையும் ஓட்டிப்போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

சில வருடம் கழித்து, நாக்கு நீலமாகும் அந்த நோய்க்கு நீலநாக்கு என்றுதான் பெயர் என்றார் எங்கள் டாக்டர். கொசுவைவிடச் சின்னப் பூச்சி ஒன்று பரப்புமாம். நம் கையில் அதற்கு ஊசியே இல்லையாம். அப்படியானால் என் ஊசி பரப்பாமலும் இருந்திருக்கலாம். அன்று ஒருநாள் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் அவளைக் குற்றவாளி ஆக்கிய வாய் எந்தப் பூச்சியுடையதும் அல்ல. வெட்கங்கெட்டவன் நான்.

மறுபடி அந்தத் தெருவில் ஊசி போடும் முறை எனக்கு வந்தது. அவளிடம் இப்போது சொந்தமாக ஒரே ஒரு வெள்ளாடு. நான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள், ஆவி பறக்கும் அலுமினியக் குண்டானைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"ஊசிய இதுல போடுங்க சார். உங்களுக்கு நேரமாவுதுன்னு கொதிக்க வெச்சிட்டேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். ஊசியை உள்ளே போட்டேன். இருவரும் குண்டானையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"ஆடு நிக்காது சார். போட்டுட்டுப் போங்க" என்று அதன் கழுத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.