கஸ்தூரி அக்கா கலர் பார்த்துச் சொருகிய ஒயர்கள்

இன்று பொட்டு வைத்த நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றைப் பார்த்தேன்.

(ஃபேன் ஸ்விட்ச் இல்லை. ஆபீஸின் கம்ப்யூட்டர்களையும் போன்களையும் இணைக்கும் பெட்டி. இருபத்து நாலு ஓட்டை, இருபத்து நாலு ஒயர், நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.)

இடம், கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. பழைய டெலிபோன்களைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் ஒயரிலேயே பேசும் ஐபி போன்களைப் போன மாதம் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

நன்றாகத்தான் இருந்தது. ஆயுத பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததிலிருந்து குரல் விட்டு விட்டுக் கேட்கிறதாம்.

ரிசப்ஷனில் போன் எடுப்பவர் கஸ்தூரி அக்கா. ஆரம்பாக்கத்துக்காரர், பதினேழு வருடமாக அதே நாற்காலி. அவர் "வணக்கம்" என்றால் சென்னை ஹெட் ஆபீஸுக்கு "வ... கம்" என்று போகிறது.

அக்காவுக்குச் சரியாகப் பேச வரவில்லை என்று ஹெட் ஆபீஸ்காரர்கள் பழியை அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

மேனேஜர் அவரை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "மூணு மணிக்கு ஹெட் ஆபீஸ்லேந்து போன் பண்ணி டெஸ்ட் பண்ணுவாங்க. சரியா கேக்கலன்னா ரெக்கார்ட் பண்ண வாய்ஸ் போட்டுருவாங்க. அப்புறம் ரிசப்ஷன்ல ஆளு எதுக்குன்னு கேப்பாங்க."

அக்கா விசிட்டர் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே இருந்தார். அதில் எழுத ஒன்றுமே இல்லை.

லேப்டாப்பில் ஸ்விட்சின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன்.

விஷயம் இதுதான். போன் தன் குரலை அனுப்பும்போது "இது அவசரம், முதலில் விடு" என்று ஒரு முத்திரை குத்தி அனுப்பும். ஸ்விட்ச் லேசில் யாரையும் நம்பாது. நம்பச் சொல்லாத ஓட்டையில் வந்தால் முத்திரையை அழித்துவிடும். (எங்கள் வீட்டு ஓனர் மாதிரி.)

நான் முதல் எட்டு ஓட்டைகளை மட்டும் நம்பு என்று செட் பண்ணி, போன்களை அதில் சொருகியிருந்தேன்.

இப்போது அந்த எட்டில் டிசைன் செக்‌ஷன் கம்ப்யூட்டர்கள் உட்கார்ந்திருந்தன. போன்கள் வேறெங்கோ போய், பெரிய பெரிய டிராயிங் ஃபைல்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றன.

"அக்கா, இந்த ஒயரெல்லாம் யாராவது தொட்டாங்களா?"

"நான்தான் நைனா. பூசைக்கு எல்லாத்தையும் கழட்டி, தொடச்சி, பொட்டு வச்சேன். நீ கலர் கலரா கண்டமேனிக்கு சொருவிக்கினு போயிட்ட. பாக்கவே பேஜாரா இருந்திச்சி. மஞ்சளு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்னு நல்லா அடுக்கி வச்சேன்."

உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

என் முகத்தைப் பார்த்தவர் குரல் இறங்கிவிட்டது. "என்னாலதானா நைனா?"

"இல்லக்கா. என் தப்பு."

ஆறுதலுக்குச் சொல்லவில்லை. கையில் கிடைத்த கலரில் ஒயர் போட்டது நான். ஆளைப் பார்க்காமல் ஓட்டையைப் பார்த்து நம்பச் சொன்னதும் நான்.

ஒயர்களைத் திரும்ப மாற்ற எனக்கு மனசு வரவில்லை. பதிலாக எல்லா ஓட்டைக்கும் ஒரே மாதிரி எழுதினேன்: சொருகியது போன் என்று தெரிந்தால் நம்பு, இல்லையென்றால் நம்பாதே.

மூன்று மணிக்கு ஹெட் ஆபீஸ் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"வணக்கம்" என்றார் அக்கா.

"இன்னா மேடம், ஆள மாத்திட்டாங்களா? கணீர்னு கேக்குது."

"அதே ஆளுதான் சார்" என்றார். கை மட்டும் ரெஜிஸ்டரை விடவில்லை.

மேனேஜர் காரணம் கேட்டார். என் செட்டிங் தப்பு என்றேன். நன்றாகத் திட்டினார். இன்றைக்கு அந்தத் திட்டு எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

கிளம்பும்போது பூஜைப் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு அக்கா தயங்கி நின்றார்.

"நைனா, என் போன் ஒயரு பச்ச. அது மட்டும் மஞ்சளுக்கு நடுவுல கெடக்குது. தொட்டா தப்பாயிடுமா?"

"எங்க வேணா சொருவுங்கக்கா."

பிடுங்கி, கடைசி ஓட்டையில் சொருகினார். கொஞ்ச நேரத்தில் போனில் விளக்கு வந்தது. மணியும் அடித்தது.

"வணக்கம்" என்றார்.

முழுசாகப் போய்ச் சேர்ந்தது.